இரவல் பெயரில் ஓர் அறை

பணம் இரவல் கொடுத்தவரைக் கண்டால் சனம் ஒளிக்கும். பெயரை இரவல் கொடுத்தவளைக் கண்டால் முதல் மாதம் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு, இரண்டாம் மாதத்திலிருந்து ஒளிக்கும். என் தொழில் இரண்டாவது.

இத்தாலியின் பலேர்மோ நகரில், வியா மக்வேதா தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், பயணப்பெட்டிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சங்கத்தின் கந்தோர் இருக்கிறது. இந்த நாட்டில் நல்ல மனமும் நல்ல யோசனையும் உள்ள பத்துப் பேர் சேர்ந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் வெறும் பத்துப் பேர்தான். அவர்களுக்கு வங்கிக் கணக்கு இல்லை, வரி இலக்கம் இல்லை. உதவி கொடுக்கும் அறக்கட்டளைகள் அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சதமும் தராது. தனியாகப் பதிந்துகொள்வோம் என்று இறங்கினால் சங்க விதிகள் அடங்கிய யாப்பு, பத்திரம் முடிக்கும் நொத்தாரிசு, கணக்காளர் என்று அலைந்து, வேலையைத் தொடங்கும் முன்பே களைத்துவிடுவார்கள். அதனால் ஏற்கெனவே பதிவான எங்கள் சங்கம் அவர்களுடைய வேலையைத் தன் பெயருக்குக் கீழே எடுத்துக்கொள்ளும். காசு எங்கள் கணக்குக்கு வரும். வேலையை அவர்கள் செய்வார்கள். வரித்துறைக்கும் காசு தந்தவர்களுக்கும் நாங்கள் பதில் சொல்லுவோம். அந்தச் செலவுக்கென்று ஒரு சிறு பங்கை வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இதை ஃபிஸ்கல் ஸ்பொன்சர்ஷிப் என்கிறார்கள். இலங்கையிலிருந்து வேலைக்கு வந்த எங்கள் ஆட்கள் "ஜெசிந்தாவின்ரை பேரிலை செய்யிறது" என்கிறார்கள்.

அந்த ஜெசிந்தாவான நானும் பலேர்மோ வீடுகளில் தரை துடைத்தவள்தான். ஊரில் கொமர்ஸ் படித்தேன் என்று யாரிடமோ வாய்தவறிச் சொன்னதில் இந்த மேசையில் வந்து விழுந்தேன். ஊர்ச்சங்கத்துக்கோ கோயில் பெருநாளுக்கோ ஒரு தடவையாவது பொருளாளராக இருந்து, சொந்தக்காரரிடமே பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இதை வாசித்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

வியாழக்கிழமை வந்தவர்கள்

வீடுகளில் தங்கி வேலை செய்பவர்களுக்கு இங்கே வியாழன் பின்னேரம் ஓய்வு. எங்கள் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்பதும் அன்றைக்குத்தான். அப்படி ஒரு வியாழன் ஸ்டெல்லா அக்காவும் வெரோனிக்கா அக்காவும் இன்னும் சில பெண்களும் வந்து, கதிரைகள் போதாமல் நின்றார்கள். ஸ்டெல்லா அக்கா மன்னார்க்காரி. ஒரு வயதான சிஞ்ஞோராவை, இத்தாலிய வீட்டு அம்மாவை, பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருப்பவர். வெரோனிக்கா அக்கா நெடுந்தீவு. வீடு வீடாகப் போய்த் துப்புரவு வேலை செய்கிறார். முன்னவர் மெதுவாகக் கதைப்பார், பின்னவர் அந்த மிச்சத்தையும் சேர்த்துக் கதைப்பார்.

விஷயம் இதுதான். ஒரு பெண் வருடக்கணக்காக ஒரு சிஞ்ஞோராவுடன் தங்கி, ஊட்டி, குளிப்பாட்டிப் பார்க்கிறாள். ஒருநாள் சிஞ்ஞோரா கண்ணை மூடுகிறார். வட இத்தாலியிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அடக்கம் முடிந்ததும் வீட்டைப் பூட்ட வேண்டும் என்று தயவாகத்தான் சொல்லுகிறார்கள். அழுது முடிக்கும் முன்பே அவளுக்கு வேலையும் இல்லை, படுக்க இடமும் இல்லை. மாதா கோயில் வாசலில் பெட்டியோடு நின்ற பெண்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்டவர்கள் அடுத்த வேலை கிடைக்கும்வரை தங்குவதற்குப் பல்லரோச் சந்தைப் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்திருந்தார்கள்; அவர்கள் வாயில் அது 'அறை'. மிலானில் ஓர் அறக்கட்டளை வாடகையும் வீட்டுச் செலவுக்குக் காசும் தரத் தயாராக இருந்தது. ஆனால் யாருக்குத் தருவது, எந்தக் கணக்குக்கு அனுப்புவது என்று அவர்கள் கேட்டதற்கு இவர்களிடம் பதில் இல்லை. ஸ்டெல்லா அக்கா என் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிச் சொன்னார்:

"எங்களிட்டைக் கட்டில் இருக்கு, சட்டி பானை இருக்கு, மாறி மாறிச் சமைக்க ஆக்கள் இருக்கினம். ஒரு பேர் மட்டும்தான் இல்லை, தங்கச்சி."

ஞானத்தாய்

எங்கள் சங்கத்தின் ஏற்பாட்டை அவர்களுக்கு விளங்கப்படுத்தியது நான்தான். ஒப்பந்தத்தின் இத்தாலியனை அப்படியே வாசித்தால் தூங்கிவிடுவார்கள் என்று பயந்து, ஞானஸ்நானத்தை உதாரணமாக எடுத்தேன். குழந்தைக்குப் பேச வராது. ஞானஸ்நானம் கொடுக்கிற சுவாமி கேட்கும் கேள்விக்கெல்லாம் ஞானத்தாய்தான் பதில் சொல்லுகிறாள். உங்கள் அறை குழந்தை, எங்கள் சங்கம் ஞானத்தாய், கேள்வி கேட்கிறவர் வரித்துறை என்றேன். எல்லோர் முகமும் மலர்ந்தது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த நல்ல நேரத்திலேயே நிறுத்தியிருக்கலாம். அடுத்த பக்கத்தைப் புரட்டி, வருகிற காசில் ஒரு சிறு பங்கைச் சங்கம் எடுத்துக்கொள்ளும் என்றேன். கணக்காளருக்கு, வங்கிக்கு, காப்புறுதிக்கு என்று காரணங்களை அடுக்கினேன். ஒருவரும் காது கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஞானப்பிள்ளையிடம் கைநீட்டிய ஞானத்தாய் ஒருத்தியும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெரோனிக்கா அக்கா தன் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைக்குச் சங்கிலி போட்டுவிடுறவதான் ஞானத்தாய். பிள்ளையின்ரை சங்கிலியிலை கண்ணி கழட்டுறவவுக்கு எங்கடை ஊரிலை வேற பேர் இருக்கு."

ரொசாலியாவின் பெயர்

ஒப்பந்தம் எப்படியோ முடிந்தது. திட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்று அறக்கட்டளை கேட்டது. மன்னார்க்காரர் மடு மாதாவின் பெயரை வைக்கச் சொன்னார்கள். நெடுந்தீவுப் பக்கத்தார் அந்தோனியாரை விட்டுக் கொடுக்கவில்லை. இரண்டு வியாழன் இதிலேயே போனது. கடைசியில் பலேர்மோவின் புனிதை ரொசாலியாவிடம் இரண்டு பக்கமும் சமாதானமானது. அவருடைய மலைக்கு நாங்கள் எல்லோரும் நடந்து ஏறியவர்கள்தான். முடிவை எனக்கு அறிவித்தவர் வெரோனிக்கா அக்கா:

"அவவும் வீட்டை விட்டு வந்து குகையிலை கிடந்தவதானே. கட்டிலின்ரை அருமை அவவுக்குத் தெரியும்."

வலது கை, இடது கை

எதற்கும் பற்றுச்சீட்டு வேண்டும், யாராவது இலவசமாகப் பொருள் தந்தால் அவரிடம் இரண்டு வரி எழுதி வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பல்லரோவுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆள் ஒருவர் அறைக்கு ஒரு மூடை அரிசியும் ஒரு பெரிய அலுமினியப் பானையும் கொடுத்தார். ஸ்டெல்லா அக்கா நான் சொன்னபடியே தாளும் பேனையுமாகப் போய் நின்றார். மனிதர் கோபித்துக்கொண்டு பானையைத் திருப்பிக் கேட்காத குறைதான்.

சமாதானம் பேச நான் போனேன். கணக்கில் வராத பானை வீட்டில் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று எங்களைக் கேட்பார்கள், உங்கள் நல்ல மனதுக்கு ஒரு சாட்சிதானே என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் மிளகாய்த்தூள் நிறுத்துக்கொண்டே கேட்டார். கோயிலில் வேதாகமம் வாசிக்கிறவர் என்பதை நான் மறந்திருந்தேன். கடைசியில் கையெழுத்தைப் போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"வலது கை குடுக்கிறதை இடது கைக்கே சொல்லாதை எண்டார் ஆண்டவர். நீங்கள் வரிக் கந்தோருக்குச் சொல்லச் சொல்லுறியள்."

ஓர் ஆணி

அந்த அறையின் முதல் விருந்தாளி எங்கள் ஊர்க்காரியாகவே இருப்பாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். தலைமாட்டில் சிலுவை, மேசையில் ஜெபப்புத்தகம் எல்லாம் தயாராக இருந்தன. வந்தவர் தேவி என்ற மொரீசியஸ்காரி. பெயரும் முகமும் எங்களைப் போல, நெற்றியில் திருநீறு, தமிழோ சில சொற்கள்தான். இத்தாலியனில்தான் கதைக்க முடிந்தது. அன்று காலை அடக்கம் செய்த தன் சிஞ்ஞோராவைப் பற்றி, அழாமல், மிகத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு சிறிய முருகன் படத்தைக் கையில் எடுத்தபடி, எங்கே வைப்பதென்று கேட்கக் கூச்சப்பட்டு நின்றார். அந்த நிற்பு எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது.

வெரோனிக்கா அக்கா போய்ச் சுத்தியல் எடுத்து வந்தார். நான் பாய்ந்து தடுத்தேன். வாடகை ஒப்பந்தத்தில் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது, அதில் கையெழுத்துப் போட்டது எங்கள் சங்கம். பெயரை இரவல் கொடுத்தால் ஆணிக்கும் பொறுப்பு நாங்கள்தான். அவர் என்னைத் தள்ளிவிட்டு ஆணியை அடித்தார்.

"ஒரு ஆணி கூடினால் வீட்டுக்காரன் ஏசுவான். மாதா ஏசமாட்டா."

பூசை

அறையின் முதல் மாதச் செலவைப் பார்க்கும்போது, மரக்கறி, சவர்க்காரம், திரைச்சீலை இவற்றுக்கு நடுவில் "பூசை" என்று ஒரு செலவு இருந்தது. தேவியின் சிஞ்ஞோராவுக்காக ஸ்டெல்லா அக்கா எங்கள் பங்குக் கோயிலில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அறைக்கென்று வந்த காசை அறைக்குத்தான் செலவழிக்கலாம், இறந்துபோன இத்தாலியப் பெண்மணிக்குப் பூசை என்று மிலானுக்கு நான் எப்படி எழுதுவேன் என்று கத்தினேன். அவர் முகம் சுருங்கவில்லை. தொகையைப் பெண்கள் தங்களுக்குள் சேர்த்துப் போடுவதாக உடனே ஒத்துக்கொண்டார். அப்படியே செய்தும் விட்டார்கள்.

நான் கோபம் ஆறியபிறகுதான் பூசைக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டேன். இறந்தவரின் பிள்ளைகளுக்குச் சொல்லியும் வர முடியவில்லையாம். முன்வரிசை வாங்கில் தேவி, அவருக்குப் பக்கத்தில் எங்கள் பெண்கள். தமிழ்ப் பூசையில் ஒரு சிசிலியப் பெயரைச் சுவாமி மூன்று தரம் பிழையாக உச்சரிக்க, மூன்று தரமும் தேவி எழுந்து திருத்தியிருக்கிறார். செய்தது பிழைதானே என்று ஸ்டெல்லா அக்காவை மறுபடி கேட்டேன். ஓம், பிழைதான் என்றார். பிறகு சொன்னார்:

"வீட்டை விட்டு வந்தவவுக்கு ஒரு கட்டில் குடுத்தம். உலகத்தை விட்டுப் போனவவுக்கு ஒண்டும் குடுக்காமல் எப்பிடி விடுறது?"

வீட்டைத் துப்புரவாக்கிய நாள்

ஒரு வருடம் முடிகிற நேரம் மிலானிலிருந்து அறக்கட்டளையின் ஓர் இளைஞர் பார்க்க வந்தார். அவர் நல்லதாக எழுதினால் அடுத்த வருடத்துக்கும் வாடகை வரும். இல்லையென்றால் அறையைப் பூட்ட வேண்டியதுதான். இதை நான் எங்கள் பெண்களிடம் ஒன்றுக்கு நாலு தடவை சொல்லிவிட்டேன். சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

நானும் அந்த இளைஞரும் உள்ளே போனால் வீடு கண்ணாடியாக மின்னுகிறது. கட்டில்களில் சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு. காயப்போட்ட துணி இல்லை, செருப்பு இல்லை, பல் தூரிகைகூட இல்லை. மேசை நிறைய வடை, பற்றிஸ், கேக். தங்கியிருந்த பெண்களில் ஒருத்தரையும் காணோம். அவர் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துவிட்டு, இங்கே யாரும் தங்குவதில்லையா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். வெரோனிக்கா அக்காவைக் குசினிக்குள் அடுப்படிக்கு இழுத்து, எங்கே அவர்கள் என்றேன். விருந்தாளி வருகிற நேரம் வீட்டில் சனம் நெருக்கமாக இருந்தால் நன்றாக இராதே என்று, எல்லோரையும் துறைமுகப் பக்கம் கப்பல் பார்க்க அனுப்பிவிட்டாராம். உதவி தேவைப்படுகிறவர்களைப் பார்க்க வந்தவரிடமிருந்து உதவி தேவைப்படுகிறவர்களை ஒளித்து வைத்த பெருமை எங்கள் ஆட்களைத்தான் சேரும்.

நல்ல காலம் மழை வந்தது. இன்னும் நிரந்தர வேலை கிடைக்காத தேவியும் மற்றவர்களும் தெப்பலாக நனைந்து வாசலில் நின்றார்கள். வெரோனிக்கா அக்கா அப்போதும் கதவை அரைவாசி சாத்தி, இன்னும் கொஞ்ச நேரம் கீழே நில்லுங்கோ என்று கையைக் காட்டினார். இளைஞர் எழுந்து போய்க் கதவை முழுதாகத் திறந்தார். தேவி நேரே தன் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த பெட்டியை இழுத்துத் துவாய் எடுத்து, முதலில் கூட வந்தவர்களில் ஒருத்திக்குத் தலை துவட்டினார். இளைஞர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகும்போது வெரோனிக்கா அக்காவின் கையைப் பிடித்து இத்தாலியனில் சொன்னார்:

"அடுத்த முறை நான் வரும்போது தயவுசெய்து வீட்டை அழுக்காக வைத்திருங்கள்."

வெரோனிக்கா அக்காவின் சோபா

அடுத்த வருட வாடகை கிடைத்தது. சில மாதங்களில் ஸ்டெல்லா அக்காவின் சிஞ்ஞோரா காலமானார். அடக்கத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அன்று அறையில் ஒரு கட்டில் காலியாகத்தான் இருந்தது. ஆகவே அவர் எங்கே படுப்பார் என்று யாரும் யோசிக்கவில்லை. வாரக் கடைசியில்தான் ஸ்டெல்லா அக்கா அங்கே இல்லை என்று தெரிந்தது. வெரோனிக்கா அக்காவின் ஒற்றை அறை வீட்டில், புருஷனும் பிள்ளைகளும் படுத்த மிச்ச இடத்தில், கால் நீட்ட முடியாத ஒரு சோபாவில் கிடந்திருக்கிறார்.

நான் ஓடிப் போய்க் கேட்டேன். அவர் எங்கள் ஒப்பந்தத்தைத்தான் எனக்கே சொல்லித் தந்தார். திட்டத்தை நடத்துகிறவர்கள் அதிலிருந்து தங்களுக்கென்று ஒன்றும் எடுக்கக்கூடாது என்று அதில் ஒரு விதி உண்டு. எல்லாத் திட்டங்களுக்கும் அதே விதிதான். அதோடு, தான் போய்ப் படுத்தால் தனக்காகத்தான் இதைத் திறந்தாள் என்று சனம் கதைக்கும், அறைக்குக் கெட்ட பெயர் வந்தால் பிறகு பெட்டியோடு நிற்கிறவள் எங்கே போவாள் என்றார். அவருடைய கால் வீங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன். தெருவில் நின்று அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சங்கத் தலைவி லூச்சியா ஒரு கணக்காளர். பட்டம் பெற்றவர் என்ற மரியாதையில் நாங்கள் தொத்தொரேஸ்ஸா என்று கூப்பிடுவோம். பேருந்துச் சீட்டுத் தொலைந்தால் அந்தக் காசைச் சங்கக் கணக்கில் எழுதாமல் தன் பையிலிருந்து போடுகிற மனுஷி. விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கவே எனக்குப் பயம். கேட்டேன். அவர் ஒரு விதியையும் தளர்த்தவில்லை. ஸ்டெல்லா அக்காவை வெளியே விறாந்தையில் இருத்திவிட்டு, செயற்குழுவைக் கூட்டி, கதவைச் சாத்தினார். நடத்துகிறவர்கள் தாங்களாக எடுக்கக்கூடாது என்பதுதான் விதி; சங்கம் கொடுக்கத் தடையில்லை, பலன் பெறுகிறவர் அந்த முடிவை எடுக்கக்கூடாது. எடுக்கிற இடத்தில் இருக்கவும் கூடாது. அவ்வளவுதான். முடிவெடுத்துக் கூட்டக் குறிப்பில் எழுதி, ஒளிவு மறைவில்லாமல் மிலானுக்கும் அன்றைக்கே அனுப்பினார். பிறகு கதவைத் திறந்து ஸ்டெல்லா அக்காவை உள்ளே கூப்பிட்டு, வாடகை ஒப்பந்தத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று கேட்டார். உங்களுடைய பெயர் என்றார் ஸ்டெல்லா அக்கா.

"ஆமாம். உங்களுடையது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற அந்த அறை உங்களுடையது இல்லை. எங்களுடையது. உங்களுக்கு ஒரு கட்டில் கொடுக்க நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்."

மறுநாள் காலை

ஸ்டெல்லா அக்கா அங்கே போன அன்று வெரோனிக்கா அக்கா கட்டில் விரித்துக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று தேவி பிறகு சொன்னார். வெரோனிக்கா அக்கா பேசாமல் இருந்தார் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் நான் எட்டிப் பார்த்தேன். ஸ்டெல்லா அக்கா குசினி மேசையில் தேத்தண்ணியோடு இருந்தார். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. கட்டில் சரியில்லையா, குளிரா, சந்தைச் சத்தமா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். அவருடைய சிஞ்ஞோராவுக்கு நெஞ்சுச் சளி. எத்தனையோ வருடமாக அந்த இருமலுக்கு ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டே படுத்தவர். கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, ஏதோ குற்றம் செய்தவர் போல என்னிடம் சொன்னார்:

"ஆர் இருமினாலும் இனி நான் எழும்பத் தேவையில்லை எண்டு நினைக்க நினைக்க, நித்திரையே வரேல்லை, ஜெசிந்தா."

எங்கள் பெண்களுக்குக் கொடுப்பதற்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒன்றை வாங்கிக்கொள்ளச் செய்வதற்குத்தான் பதிவு பெற்ற ஒரு சங்கம், ஒரு கணக்காளர், ஒரு செயற்குழு இத்தனையும் வேண்டியிருக்கிறது.